எட்டு நிமிஷம் லேட்டுக்கு ரெண்டாம் வகுப்புப் பிள்ளையை வராண்டாவுல நிக்க வெச்சுட்டாங்க. யார்கிட்ட என்னன்னு பேசறது?

வேலம்பாளையம் அம்மா:

வணக்கம்ங்க. திருப்பூர்ல '15 வேலம்பாளையம்'ங்கற ஏரியாவுல இருக்கோம். பாப்பாவுக்கு ஏழு வயசு, ரெண்டாம் வகுப்பு. தனியார் ஸ்கூல், பேர் வேண்டாம். வீட்டுல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்.

8.45க்கு பெல், 8.50க்குக் கேட்டைச் சாத்திடுவாங்க. ஜூன்ல ஸ்கூல் திறந்தப்பவே ஒரு தாள் குடுத்துக் கையெழுத்து வாங்கினாங்க. மாசத்துல மூணு தடவை லேட்டானா டைரியில சிவப்பு மையில எழுதுவாங்க. நாலாவது தடவையில இருந்து நூறு ரூபா ஃபைன், அது போக முதல் பீரியட் முடியற வரைக்கும் பிள்ளை கிளாசுக்குள்ள போக முடியாது. லீவுன்னா காலையில ஒன்பதரைக்குள்ள போன் பண்ணிச் சொல்லணும், மூணு நாளுக்கு மேல காய்ச்சல்னா டாக்டர் சீட்டு வேணும். எல்லாத்தையும் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். தெரியாம நடந்துருச்சுன்னு சொல்ல வரலைங்க.

எங்க நிலைமை இதுதான். வீட்டுக்காரர் நிட்டிங் மில்லுல நைட் ஷிப்ட். எட்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு 8.20க்கு வீட்டுக்கு வருவார். எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு எக்ஸெல் வண்டி. அவர் வந்து இறங்கினதும் நான் அதே வண்டியில பாப்பாவை ஏத்திட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுட்டு, ஒன்பது மணிக்கு செக்கிங் வேலைக்குப் போகணும். எல்லாம் சரியா நடந்தா 8.40க்கு ஸ்கூல் வாசல்ல நிப்போம். ஏதாவது ஒண்ணு தள்ளிப் போனா முடிஞ்சது.

போன வியாழக்கிழமை போனப்ப 8.53. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து பாப்பாவை மட்டும் உள்ள கூப்பிட்டார். எனக்கும் வேலைக்கு நேரமாச்சு, திரும்பிட்டேன். சாயங்காலம் வந்தவ ஒண்ணும் சொல்லல. ஷூவைக் கழட்டறப்பதான், "அம்மா, அந்த வராண்டாவுல எத்தனை டைல்ஸ் இருக்கு சொல்லு"ன்னு கேட்டா. எதுக்குடின்னு கேட்டேன். "நூத்திப் பதினாலு. பெல் அடிக்கறதுக்குள்ள நாலு தடவை எண்ணிட்டேன்"னா. அவளோட இன்னும் பத்துப் பிள்ளைங்க சுவத்துப் பக்கம் திரும்பி நின்னிருக்காங்க. முதல் பீரியட் தமிழ். அவளுக்கு ரொம்பப் பிடிச்ச மிஸ்.

அன்னிக்கு ராத்திரியில இருந்து நாலு மணிக்கே முழிச்சுக்கறா. "மணி என்னம்மா, மணி என்னம்மா"ன்னு கேட்டுட்டே இருக்கா. பால் குடிச்சா நேரமாயிடும்னு டம்ளரைத் தள்ளி வெக்கிறா. இதைப் பார்த்துட்டு எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது.

தப்பு எங்க மேலதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்குத் தண்டனை அவளுக்கா? ஸ்கூல்ல போய்க் கேட்டா நாளைக்கு அவகிட்டதான் முகத்தைக் காட்டுவாங்கன்னு பயமா இருக்கு. இதே மாதிரி மாட்டினவங்க, டீச்சரா இருக்கறவங்க யாராவது சொல்லுங்க. யார்கிட்ட போறது, என்னன்னு பேசறது?


கோவை அப்பா:

சகோதரி, குழந்தையை நிற்க வைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 8.45க்கு பெல் என்றால் 8.40க்கு வாசலில் நிற்பது போதாது. வண்டியை நிறுத்தி, பையை மாட்டி, படியேறி, வகுப்பில் உட்கார்ந்து நோட்டை எடுக்கவே ஏழெட்டு நிமிடம் ஓடிவிடும். 8.30க்கு அங்கே இருக்கும்படி திட்டம் போட்டால்தான் ஒரு பஞ்சர், ஒரு ரயில்வே கேட் வந்தாலும் சமாளிக்க முடியும்.

என் மகள் சிபிஎஸ்இ-யில் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று நாங்கள் எட்டாம் வகுப்பிலிருந்தே ஊர்த் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று ஒன்று விடாமல் லீவு போட்டுப் பழகிவிட்டோம். போன வருடம் டிசம்பரில் வகுப்பாசிரியை கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் கணக்கைக் காட்டினார். 77. அதன் பிறகு டைபாய்டு, டெங்கு என்று எதுவும் வந்துவிடக் கூடாதே என்று நானும் என் மனைவியும் அந்த மாதம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தோம். பழக்கம் சிறு வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் பள்ளிகள் கறாராக இருக்கின்றன. ஃபைனை முழுத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.


வேன் அண்ணன்:

தங்கச்சி, நான் பதினோரு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறேன். இப்ப என் வண்டியில பதினாறு பிள்ளைங்க. முதல் பிள்ளையை 7.35க்கு ஏத்தறேன், கடைசிப் பிள்ளையை 8.20க்கு. நடுவுல எல்லா வீட்டு முன்னாலயும் ரெண்டு நிமிஷம் நின்னா என்ன ஆகும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

ஹாரன் அடிச்சா மாடியில இருந்து கையைக் காட்டுவாங்க, "அண்ணா, தலை பின்னிட்டு இருக்கேன்"னு. டை தேடுவாங்க. டிபன் பாக்ஸ் மூடி கிடைக்காது. அவங்களைக் கேட்டா ரெண்டே ரெண்டு நிமிஷம்தான்னு சொல்லுவாங்க, அது உண்மைதான். அந்த மாதிரி ஆறு வீடு சேர்ந்தா கடைசி ஸ்டாப்புல நிக்கிற பிள்ளை பன்னெண்டு நிமிஷம் லேட்டு. என் கடைசி ஸ்டாப்புல ஒரு யூகேஜி பையன். அவன் ஆத்தா எட்டு மணிக்கே அவனைக் கையில பிடிச்சுட்டு ரோட்டோரம் நிக்கும். ஒரு நாள் கூட லேட்டில்ல. ஆனா ஸ்கூல் டைரியில லேட்டுன்னு சிவப்பு மை அவன் பேர்லதான் ஏறுது.

இந்த வருஷம் எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன், ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டேன்னு. ரெண்டு பேர் கோவிச்சுட்டு வேற வண்டிக்குப் போயிட்டாங்க. போகட்டும். வேகமா ஓட்டி நேரத்தைப் பிடிக்கற வேலை எனக்கு வேண்டாம். பதினாறு உசுரு உள்ள இருக்கு.

உங்க ஏரியாவுக்கு வண்டி இருக்கான்னு விசாரிச்சுப் பாருங்க. ஒன்றரை கிலோமீட்டர்னா மாசம் பெருசா ஆகாது. வண்டிக்காரர் எத்தனை பிள்ளைங்களை ஏத்தறார்னு பார்த்துட்டு விடுங்க.


அவிநாசி டீச்சர்:

அம்மிணி, இரண்டு நாளாக உங்கள் பதிவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நூற்றிப் பதினாலு டைல்ஸ் மனசை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவிநாசிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். லேட்டாக வந்த பிள்ளையை வெளியே நிற்க வைத்த டீச்சர்களில் நானும் ஒருத்தி. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2011. நாலாம் வகுப்பில் ஒரு பையன். தினமும் ஒன்பது இருபது, ஒன்பதரைக்குத்தான் வருவான். பிரேயர் முடிந்து வகுப்பு ஆரம்பித்திருக்கும். கேட்டால் பேச மாட்டான், தலையைக் குனிந்துகொள்வான். வேப்ப மரத்தடியில் நிற்கச் சொல்வேன். பை வார் அறுந்துபோய் பனியன் வேஸ்ட் துணியால் முடிச்சுப் போட்டிருக்கும். அந்தப் பையைத் தோளில் இருந்து இறக்காமலே நிற்பான். அவனுடைய டவுசர் இடுப்புப் பக்கம், இடது பக்கம் மட்டும், எப்போதும் ஈரமாக இருக்கும். வரும் வழியில் குழாயடியில் விளையாடிவிட்டு வருகிறான் என்று நானாக முடிவு கட்டி, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஏறத்தாழ மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் அதே வகுப்புப் பெண் ஒருத்தி என் மேஜைப் பக்கம் வந்து, "டீச்சர், அவன் தம்பி மூத்திரம் போயிடுவான் டீச்சர்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் எட்டே முக்காலுக்கு அவன் வரும் பாதையில் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்த பால்வாடி வாசலில் ஒன்றரை வயசுத் தம்பியை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அப்பாவும் அம்மாவும் ஆறு மணிக்கே மில் வண்டியில் ஏறிவிடுவார்களாம். பால்வாடி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். தம்பியை அங்கே ஒப்படைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓடி வருகிறான். தினமும் அதைச் செய்துகொண்டிருந்த பிள்ளையைத்தான் நான் மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அன்றே தம்பியையும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி வரச் சொல்லிவிட்டேன். சத்துணவுக் கூடத்து ஆயா, பால்வாடி திறக்கும் வரை பார்த்துக்கொண்டு, பிறகு கொண்டுபோய் விடுவார். மறுநாளிலிருந்து அவன் எட்டே முக்காலுக்கு வர ஆரம்பித்தான். டவுசர் ஈரமாகத்தான் இருந்தது. அவனுக்காக நான் மரத்தடியைக் காட்டியது அதோடு நின்றது. வேறு யாருக்காகவும் அதற்குப் பிறகு காட்டவில்லை.

தொடக்கப் பள்ளி வயசில் எந்தப் பிள்ளையும் தானாக லேட்டாவதில்லை. அதன் நேரம் பெரியவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மில்லில் அடுத்த ஷிப்ட் ஆள் பத்து நிமிஷம் தாமதித்தால் உங்கள் வீட்டுக்காரர் தாமதம், வண்டி தாமதம், கடைசியில் வராண்டாவில் நிற்பது பாப்பா. அந்த வரிசையில் கடைசியாக நிற்பவள் அவள், மணி பார்க்கக்கூட இன்னும் சரியாகத் தெரியாதவள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009. ஆறு வயசிலிருந்து பதினான்கு வயசு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 17-வது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனசை நோகடிக்கவோ கூடாது என்கிறது. 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரம் தவறாமல், ஒழுங்காகப் பள்ளிக்கு வர வேண்டும் என்பதுதான் அதில் முதல் கடமை, எங்களுக்கு. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோரை அடிக்கடி கூப்பிட்டு, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எப்படிப் படிக்கிறது என்று நாங்கள் பேச வேண்டும். பிள்ளை வரும் நேரத்தைப் பற்றிய பேச்சு பெரியவர்களுக்குள் நடக்க வேண்டியது. அதனால் நீங்கள் போய்ப் பேசுவது சண்டை இல்லை, பயப்படாதீர்கள்.

கோவைத் தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் கறாராக இருப்பது ஏன் என்று டீச்சராக எனக்குத் தெரியும். முதல் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். எங்கள் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பு, அதாவது சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் அரசுத் திட்ட வகுப்பு, ஒரு பாட்டோடு தொடங்கும். அன்றைக்குச் சொல்லித்தரப் போகும் எழுத்தும் சொல்லும் அந்தப் பாட்டுக்குள் இருக்கும். எல்லோரும் எழுந்து நின்று கையை ஆட்டிப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி அவரவர் குழுவுக்குப் பிரிந்து உட்கார்ந்து பயிற்சி நூலைத் திறப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து வரும் பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? புத்தகத்தைப் பார்க்காது. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்க்கும். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று கிசுகிசுக்கும். மற்ற பிள்ளைகள் பாட்டில் கேட்ட சொல்லைக் கண்ணால் தேடிப் பிடிக்கும்போது, இது எழுத்தைப் படமாக வரைந்துகொண்டிருக்கும். அன்று முழுக்க ஒரு தப்படி பின்னாலேயே நடக்கும்.

கணக்காகவும் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தினமும் பத்து நிமிஷம் போனால் வருஷத்துக்கு 2,000 நிமிஷம், முப்பத்து மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரப் பாடம் என்று வைத்துக்கொண்டால் எட்டு நாள் பள்ளிக்கு வராததற்குச் சமம். உங்கள் பள்ளி பாப்பாவை வராண்டாவில் நிறுத்தியபோது, எட்டு நிமிஷ நஷ்டத்தை ஒரு முழுப் பீரியட் நஷ்டமாக்கிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பாடம் போகிறதே என்ற அக்கறை இருந்தால் அவளை உடனே உள்ளே விட்டிருக்க வேண்டும்.

லீவு விஷயத்திலும் அப்படித்தான். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பாதீர்கள், அதைச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூர்ப் பக்கத்தில் பெரிய நஷ்டம் தீபாவளிக்கு முந்தைய வாரம். கம்பெனி போனஸ் கொடுத்ததும் குடும்பத்தோடு தெற்கே ஊருக்குக் கிளம்புகிறார்கள். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறார்கள். சொந்த ஊர் முகத்தை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளம்பும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், அந்த நாட்களில் என்ன பாடம் என்று எழுதிக் கொடுப்பேன். சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுத்த திங்களும் செவ்வாயும் அவள் அம்முச்சிப் பாட்டி வீட்டில் இருந்தாள். பிறகு பார்த்தால் 42-ல் 17 போக 35 என்று எழுதி வைத்திருக்கிறாள். 2-ல் 7 போகாது என்பதால் 7-ல் 2-ஐக் கழித்துவிட்டாள். பிள்ளை முட்டாளில்லை, தனக்குத் தெரிந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறாள். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு நாள் லீவு, மூன்று வாரம் வேலை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? காலையில் கேட் வாசலில் வைத்து யாரிடமும் பேசாதீர்கள். அவர்களும் பதற்றத்தில் இருப்பார்கள், பாப்பாவும் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் பள்ளி விட்டதும், முதலில் கிளாஸ் மிஸ்ஸைப் பாருங்கள். பார்க்கப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஜூனிலிருந்து எந்தெந்த நாள் லேட்டானது, ஒவ்வொரு நாளும் என்ன காரணம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "அவசரம், டிராபிக்" என்று எழுதக் கூடாது. அன்று காலையில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அந்தத் தாளோடு போய், "லேட்டானது எங்களால், அதைச் சரிசெய்ய இதைச் செய்கிறோம். ஃபைன் போட்டால் கட்டுகிறேன். பாப்பாவை மட்டும் வகுப்புக்குள் விட்டுவிடுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் பள்ளி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. அது கடைசிப் படி.

இன்னொன்று. இன்று ராத்திரி பாப்பாவை மடியில் உட்கார வைத்து, "லேட்டானது அம்மா அப்பாவால, உன்னால இல்ல" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைத் தாமாகப் புரிந்துகொள்வதில்லை. பாலைத் தள்ளி வைக்கிறாள் என்றால் தன்னால்தான் லேட்டாகிறது என்று நினைக்கிறாள்.


கோவை அப்பா:

டீச்சர், ஒரு சந்தேகம். லேட்டாக வரும் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால், நேரத்துக்கு வந்த நாற்பது பிள்ளைகளின் பாடம் ஒவ்வொரு தடவையும் தடைபடுமே? அந்தப் பெற்றோருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?


அவிநாசி டீச்சர்:

நல்ல கேள்வி தம்பி. எங்கள் பள்ளியில் கதவுப் பக்கத்து முதல் இடம் எப்போதும் காலியாக இருக்கும். லேட்டாக வரும் பிள்ளை வணக்கம்கூடச் சொல்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடும். "ஏன் லேட்டு" என்று நான் நடுவில் நிறுத்திக் கேட்பதுதான் பாடத்தைக் கெடுக்கும், பிள்ளை உள்ளே வருவது கெடுக்காது. காரணத்தை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்வேன். தொடர்ந்து மூன்று நாள் ஆனால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போன் போகும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் பள்ளிக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் வந்தது. அதற்கு முன்னால் பெற்றோர் கூட்டம் ஒவ்வொன்றிலும் "நேரத்துக்கு அனுப்புங்க" என்று நான் தொண்டை வறளப் பேசுவேன். தலையை ஆட்டுவார்கள், மறுநாள் பழைய கதைதான். சாப்பாடு வந்த இரண்டாவது வாரமே எட்டரைக்கெல்லாம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை பொங்கல் என்றால் எட்டே காலுக்கே வந்துவிடுவார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்பைப் பற்ற வைத்து, இரண்டு பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, ஏழு மணி வண்டியைப் பிடிக்கிற அம்மாவிடம் நேரம் எங்கே இருந்தது? ஒரு வேளைச் சமையலை அவர்கள் தலையிலிருந்து இறக்கி வைத்ததும் பிள்ளை தானாக வந்துவிட்டது. அத்தனை வருஷக் கூட்டத்தில் இதை நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.


வேலம்பாளையம் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அஞ்சு நாளாச்சு, நடந்ததைச் சொல்லிடறேன்.

டீச்சர் சொன்ன மாதிரி டைரியை எடுத்து வெச்சுட்டு நானும் வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். ஜூன்ல இருந்து மொத்தம் ஒன்பது நாள் லேட்டு. நான் எல்லாமே வண்டியாலதான்னு நெனச்சுட்டு இருந்தேன். எழுதிப் பார்த்தா அஞ்சு நாள் தண்ணி நாளுங்க! எங்க பக்கம் கார்ப்பரேஷன் தண்ணி சில நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் காலையில ஏழு மணி ஏழரைக்குத் திறந்து விடுவாங்க. அன்னிக்கு எல்லாக் குடமும், டிரம்மும் ரொப்பியாகணும். விட்டா அடுத்த முறை வரைக்கும் லாரித் தண்ணிதான். மூணு நாள் அவருக்கு ஷிப்ட் மாத்த ஆள் வராம லேட்டு. ஒரு நாள் பஞ்சர். கண்ணு முன்னால இருந்துச்சு, எழுதற வரைக்கும் தெரியலைங்க.

இப்ப வண்டிக்குக் காத்திருக்கறதை விட்டுட்டோம். 8.05க்கு நானும் பாப்பாவும் நடக்க ஆரம்பிச்சுடறோம். மெதுவா நடந்தாலும் 8.30க்கு ஸ்கூல். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுல வேலைக்குப் போயிடறேன், பத்து ரூபா. வழியில ஒரு பாத்திரப் பட்டறை இருக்கு. பித்தளைக் குடத்தை இடுக்கி வெச்சு அவங்க தட்டறதை ஒரு நிமிஷம் நின்னு பார்க்கணும் அவளுக்கு. பார்க்கட்டும்னு விட்டுடறேன், அதுக்கும் நேரம் இருக்கு. வேன் அண்ணா, வண்டி விசாரிச்சேன். ஒரு ஆம்னியில இருபத்தோரு பிள்ளைங்களை ஏத்தறார். வேண்டாம்னுட்டேன்.

ஸ்கூலுக்கு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். அந்தத் தாளைக் கிளாஸ் மிஸ்கிட்ட குடுத்தேன். முழுசாப் படிச்சாங்க. "தண்ணி நாளா"ன்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசல. அவங்க வீட்டுலயும் அதே கதைதான் போல. மேல இருக்கறவங்ககிட்ட அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. அங்க அவ்வளவு சுலபமா இல்லைங்க. "உங்களுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்"னாங்க. எல்லாருக்கும் மாத்துங்கன்னுதான் கேக்கறேன்னு சொன்னேன். அதைச் சொல்றப்ப கை நடுங்குச்சு. டீச்சர் எழுதின 17-வது பிரிவைச் சொன்னப்புறம்தான் உட்காரச் சொன்னாங்க. கடைசியா, இனிமே ரெண்டாம் வகுப்பு வரைக்கும் லேட்டா வர்ற பிள்ளைங்களை நிக்க வெக்க மாட்டோம், கிளாசுக்கு அனுப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க. ஃபைன் இருக்கும். மூணாம் வகுப்புல இருந்து பழைய மாதிரிதான். அது எனக்குத் திருப்தி இல்ல. பெற்றோர் கூட்டத்துல மத்தவங்களையும் சேர்த்துட்டு திரும்பக் கேக்கலாம்னு இருக்கேன். அன்னிக்குப் பாப்பாவோட நின்னதுல நாலு பேர் மூணாம் வகுப்புப் பிள்ளைங்களாம்.

டீச்சரம்மா, அன்னிக்கு ராத்திரியே பாப்பாவை மடியில வெச்சு நீங்க சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் தாலிக்கயித்தைப் பிடிச்சுத் திருகிட்டே இருந்தா. அப்புறம், "அப்போ மிஸ் உன்னைத்தான நிக்க வெக்கணும்?"னு கேட்டா. ஆமாண்டி கண்ணுன்னேன். இப்ப அஞ்சரை வரைக்கும் தூங்கறா. பால் இன்னும் பாதிதான் குடிக்கறா.


அவிநாசி டீச்சர்:

தாயி, நல்லா இருப்பீங்க. அந்தக் கூட்டம் என்றைக்கு என்று இங்கே போடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேரையாவது முன்னாடியே பார்த்துப் பேசி வையுங்கள், தனியாக எழுந்து நிற்க வேண்டாம். தண்ணி நாளுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.


வேலம்பாளையம் அம்மா:

பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன் டீச்சர். அவங்க பையனும் அதே ஸ்கூல்தான், ஒண்ணாம் வகுப்பு. தண்ணி நாள்ல எங்க குடத்தையும் சேர்த்து அவங்க பிடிச்சு வெச்சுடுவாங்க, அவங்க பையனை நான் தினமும் கூடவே நடத்திக் கூட்டிட்டுப் போயிடுவேன். ரெண்டு பேரும் பட்டறை முன்னால நிக்கிறாங்க, அதனால இப்ப 8.00க்கே கிளம்பறோம். நாளைக்குத் தண்ணி வர்ற நாள். எங்க குடம் எட்டையும் இப்பவே கழுவி அவங்க திண்ணையில கவுத்து வெச்சுட்டு வந்துட்டேன்.